ஹேஸ்டிங்ஸ் சண்டைக்கு ஒரு விதி சொல்லுங்கோ

304 காட்ஸ் அடிக்க நாலு பேர் சேராத நாட்களுக்காக, நானும் தம்பியும் இரண்டு பேர் விளையாடும் காட்ஸ் ஒன்று செய்கிறோம். பழைய கலண்டர் மட்டையில் வெட்டியது. களம், 1066இல் இங்கிலாந்தில் நடந்த ஹேஸ்டிங்ஸ் சண்டை. தம்பி ஆங்கிலேய அரசன் ஹரோல்ட், நான் படையெடுத்து வந்த நோர்மன் தலைவன் வில்லியம்.

சிக்கல் என்னவென்றால், அவன் குன்றில் கேடயக் காட்ஸை வரிசையாக அடுக்கிவிட்டு அசையவே மாட்டான். ஒவ்வொரு முறையும் வெற்றி அவனுக்குத்தான். உண்மைச் சண்டையில் நோர்மன் குதிரைப்படை ஓடுவதுபோல் போக்குக் காட்ட, ஆங்கிலேயர் சிலர் துரத்திக்கொண்டு இறங்கி மாட்டுப்பட்டார்கள். நான் ‘போலி ஓட்டம்’ போட்டால் அவன் ஏன் துரத்தப்போகிறான்? தாயம் உருட்டுவோம் என்றால், அதிர்ஷ்டம் வேண்டாமாம்.

துரத்தினால் கூடுதலாக இரண்டு காட் எடுக்கலாம் என்று ஆசை காட்டினால் சரிவருமா? வேறு வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கோ. திருநெல்வேலிப் பக்கம் இருப்பவர்கள் ஞாயிறு வந்து ஒருக்கா விளையாடிப் பார்த்தாலும் நல்லது. பிளேன்டீ உண்டு.