சேணப் பதக்கமா, புரவித் தாரா?

நண்பர்களே, இங்கிலாந்துத் தொல்பொருள் பட்டியல் ஒன்றின் தமிழாக்கம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதில் வரும் harness pendant என்பதற்குத் தமிழ்ச்சொல் வேண்டும்: 13, 14ஆம் நூற்றாண்டுகளில் குதிரையின் மார்புவாரிலும் பின்வாரிலும் தொங்கவிட்ட செப்புக்கலவைத் தகடுகள். பெரும்பாலும் கேடய வடிவம், மேலே தொங்கவிட ஒரு காது, முகத்தில் பிரபுவின் குலச்சின்னம்; பள்ளத்தில் எனாமல், மேட்டில் பொன்முலாம். இப்போதைக்கு 'சேணப் பதக்கம்' என்று போட்டிருக்கிறேன்.

---
> சேணப் பதக்கம்

பந்தயத்தில் வென்ற குதிரை என்று படிப்பார்கள். நம்மிடமே 'தார்' இருக்கிறதே! குதிரையின் கிண்கிணிமாலைக்கு அதுதான் பெயர். தலைவி பரத்தையைக் குதிரையாக்கி ஏசும் கலித்தொகையின் மருதக்கலிப் பாட்டில் (96) 'தார்மணி'யே வருகிறது. வேந்தர் சூடிய மாலையும் தார்தான்: போந்தை (பனம்பூ), வேம்பு, ஆர் (ஆத்தி) என்று பூவை வைத்தே வேந்தனை அடையாளம் கண்டார்கள். அணியும் அடையாளமும் ஒரே சொல்லில். புரவித்தார்.

---
போந்தையைச் சூடியது சேரன், அவன் குதிரை அல்ல. தார் என்பது பல கோத்த மாலை, இது ஒற்றைத் தகடு. இன்றைய வாசகருக்குத் தார் என்றால் சாலை, மிஞ்சினால் வாழை.

---
இலக்கியம் இருக்கட்டும், பொருளைப் பாருங்கள். இதில் இரண்டு உறுப்புகள். வாரில் அறைந்த தாங்கி ஒன்று. அதன் இரு காதுகளுக்கிடையே தகட்டின் காதை நுழைத்து ஆணி செருகுவார்கள். குதிரை நடக்க நடக்கக் காது தேய்ந்து அறும், அல்லது ஆணி கழலும். அதனால்தான் மெட்டல் டிடெக்டருக்கு உழுத வயலில் தகடு மட்டும் தனியே சிக்குகிறது. ஆகவே 'தாங்கி', 'தொங்கல்' என்று பிரித்தே ஆகவேண்டும்.

சின்னத்தை அடிப்படைச் சொல்லில் சேர்க்காதீர்கள். இலையும் பறவையும் மட்டும் உள்ளவையும் கிடைக்கின்றன. நிறத்தையும் தனியே பதியுங்கள். சிவப்பில் மூன்று பொற்சிங்கம் நடந்தால் இங்கிலாந்து அரசர். ஆனால் எழுந்து நிற்கும் ஒற்றைச் சிங்கத்தில் எனாமல் உதிர்ந்து முலாமும் போய்விட்டால், அது எத்தனையோ குடும்பங்களுக்குப் பொருந்தும். 'தெரிவது', 'கருதுவது' என்று இரண்டு பத்தி வையுங்கள்.

---
சின்னம் வடசொல். புலிப்பொறி, கயற்பொறி இருக்க ஏன்? 'பொறித்தொங்கல்'.

---
எலிப்பொறி என்பார்கள், ஐயா.

---
'சின்னத் தொங்கல்' என்றாலும் வம்பு: சிறிய தொங்கல் ஆகிவிடும்!

---
நேரமில்லை. 'குதிரைவார்த் தொங்கல்', தேவைப்படும் இடத்தில் முன்னால் 'குலச்சின்னம் பொறித்த'. பொறியும் வந்துவிட்டது. நால்வர் சரி என்கிறார்கள்.

---
பிரபுவின் ஏவலர் குதிரையும் அதையே அணிந்தது. அந்த ஏவலருக்கு அது எப்படிக் குலச்சின்னம்? என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

---
அடிக்குறிப்பிலாவது புரவித்தார்?

---
அடிக்குறிப்புக்கு இடமில்லை.