பணி விதிகளில் தொழுகை இடைவேளையை எப்படி எழுதுவது?

அஸ்ஸலாமு அலைக்கும். எங்கள் சிறு நிறுவனத்துக்குப் பணி விதிகள் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிடுங்கள் என்ற நபிமொழியை (இப்னு மாஜா தொகுப்பு) மனதில் வைத்து, சம்பளத் தேதியையே முதல் விதியாக்கிவிட்டேன்.

ஷிஃப்ட் நேரத்தில்தான் சிக்கல். நண்பகல் தொழுகையான லுஹர் பெரும்பாலும் உணவு இடைவேளையில் அடங்கிவிடும். பிற்பகல் தொழுகையான அஸரும் சூரியன் மறைந்ததும் தொழும் மஃரிபும் பருவத்துக்கேற்ப நகர்கின்றன, மஃரிபுக்கு அவகாசமும் குறைவு. தொழப் போகிறவரின் வேலை பக்கத்தில் இருப்பவர் தலையில் விழக் கூடாது. சம்பளம் வாங்கும் நேரமும் நம்மை நம்பி ஒப்படைக்கப்பட்ட அமானிதம்தானே. முஸ்லிம் அல்லாத சகோதரர்களுக்கும் அதே அளவு இடைவேளை கிடைக்க வேண்டும் என்பதில் உறுதியாக இருக்கிறேன்.

உங்கள் இடத்தில் இதை எழுத்தில் எப்படி வைத்திருக்கிறீர்கள்? மாதிரி வாசகம் இருந்தால் அனுப்புங்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை நேரத்தை ஈடுசெய்யும் முறையும் தெரிய வேண்டும். ஜஸாகல்லாஹு கைரன்.