கழுத்துக்குழி பக்கத்துல புடைப்பு, கைய தூக்குனா வலி. என்னவா இருக்கும்?

கோரையாத்தங்கரை:
வணக்கம், நமக்கு மன்னார்குடி பக்கம். அம்மாவுக்கு 54 வயசு. கழுத்துக்குழிக்கு வலப்பக்கம், காறை எலும்பு நெஞ்செலும்புல வந்து சேர்ற எடத்துல கொட்டப்பாக்கு அளவுக்கு புடைச்சிருக்கு. குறுவை நடவுக்கு போயிட்டு வந்ததுலேருந்து மூணு வாரமா இப்படி. கொடியில சேலை காயப்போட கைய தூக்குனா சுருக்குனு குத்துதாம், அந்தப் பக்கம் ஒருக்களிச்சு படுக்க முடியல. வாயுப்பிடிப்பு, சுளுக்கு எடுத்துடுங்கனு ஆளாளுக்கு சொல்றாங்க. எக்ஸ்ரேல ஒண்ணுமில்லனு அனுப்பிட்டாங்க, வீக்கம் மட்டும் அப்படியே இருக்கு.

குடவாசல்காரன்:
எங்க அத்தைக்கும் அச்சு அசல் இதேதான். மூட்டு தேய்மானம்னாங்க, தீட்டு நின்ன பொம்பளைங்களுக்கு, அதுவும் நெறைய பொழங்குற கைப்பக்கம் வருமாம். அந்த எடத்துல மத்த எலும்பெல்லாம் மேல மேல விழறதால சாதா எக்ஸ்ரேல சரியா தெரியாதாம், சிடி ஸ்கேன் எடுத்தப்பறந்தான் தெரிஞ்சுது. மாத்திரை, ஐஸ் ஒத்தடம், கொஞ்ச நாள் குடம் தூக்காம இருந்தாங்க, வலி போயிடுச்சு. புடைப்பு லேசா இன்னமும் இருக்கு.

திருவையாறு பிசியோ:
கைய உடம்போட சேக்குற ஒரே எலும்பு மூட்டு அதுதான், அதான் கை அசையறப்பல்லாம் வலிக்குது. அம்மாவ வலது கையால இடது தோள தொட சொல்லுங்க, சரியா அந்தப் புடைப்புலயே குத்துச்சுன்னா மூட்டுதான். காலைல விரலெல்லாம் ரொம்ப நேரம் மடக்க முடியாம இருக்கா, தோல்ல செதில் செதிலா உரியுதானும் பாருங்க, முடக்குவாதம், சொரியாசிஸ்லயும் இந்த மூட்டு வீங்கும். நெஞ்சு அழுத்தம், மூச்சுத்திணறல், வேர்த்து கொட்டறதுனு வந்தா மூட்டு வலினு உக்காந்திருக்காதீங்க, உடனே 108 கூப்பிடுங்க.

வெட்டாறு:
தயவுசெஞ்சு சுளுக்கு எடுக்காதீங்க. எங்கப்பா சுகர்காரர், நாங்களும் சுளுக்குனு நெனச்சு நாலு நாள் எண்ணெய் போட்டு நீவிவிட்டோம், அஞ்சாம் நாள் குளிர்காய்ச்சல், அந்த எடம் செவந்து போயி புறங்கைய வச்சா சுட்டுது, உள்ள சீழ் புடிச்சு ஆபரேஷன் வரைக்கும் போச்சு. காய்ச்சல், செவப்பு, சூடு இதுல ஒண்ணு இருந்தாலும் அன்னிக்கே ஆஸ்பத்திரி போங்க.

கோரையாத்தங்கரை:
இப்பதான் புறங்கைய வச்சு பாத்தேன், ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் இருக்கு, காய்ச்சலும் இல்ல. தோள தொட சொன்னேன், பாதி வழியிலயே ஆத்தான்னுட்டாங்க. சுகர் பாத்து ரெண்டு வருசமாச்சு, அதையும் சேத்து பாத்துடலாம்னு காலைல தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜுக்கு கூட்டிட்டு போறேன்.