ஏப்ரலில இந்த வெக்கை: ஃபான் (Föhn) எண்ட மலைக்காத்தா, காலநிலை மாற்றமா?

மலையடிவாரம்:
நான் சுவிஸுக்கு, அல்ட்டோர்ஃபுக்கு வந்து 22 வருசம். நேற்று ராத்திரி 2 மணிக்குப் பல்கனிக் கதவு அடிச்ச சத்தத்தில எழும்பினன். வெளியில 19 பாகை. உடுப்புக் காயப்போடுற கம்பி கீழ்வீட்டுத் தோட்டத்தில கிடக்கு. ஏப்ரல் முதல் கிழமையில இப்பிடியெண்டால் காலநிலை கெட்டுப்போச்சு எண்டதுக்கு இனி என்ன அத்தாட்சி வேணும்?

வடலி:
அண்ணை, இது ஃபான் காத்து, மலையால இறங்கிற காய்ஞ்ச சூட்டுக் காத்து. இஞ்சத்தைப் பள்ளத்தாக்குகளில எண்டைக்கும் உள்ளது, வசந்தத்திலதான் கூட வீசும். தெற்கால வாற ஈரக்காத்து மலையில ஏறி அங்காலயே மழையாக் கொட்டிப்போடும். முகில் உண்டாகேக்க வெப்பம் வெளிவாறதால ஏறுற காத்து மெதுவாத்தான் குளிரும். காய்ஞ்சு இஞ்சால இறங்கேக்க 100 மீற்றருக்கு 1 பாகை சூடாகும். 1861 மே மாதம் கிளாருஸ் நகரத்தில பிடிச்ச நெருப்பை இந்தக் காத்துத்தான் ஊர் முழுக்கக் கொண்டுபோனது. கிட்டத்தட்ட 600 கட்டடம் போச்சு. அப்ப காரும் இல்லை, விமானமும் இல்லை.

படுவான்கரை:
தம்பி வடலி, காத்தைப் பற்றிச் சொன்னது சரி. மட்டக்களப்பில பிறந்த எனக்கு இது தெரியாத காத்தில்லை. எங்கட கச்சானும் இதே மாதிரித்தான். தென்மேல் பருவக்காத்து மழையை மலைநாட்டுக்கு மேற்கால விட்டிட்டு, காய்ஞ்சு சூடாகி எங்கட பக்கம் இறங்கும். உதடு வெடிக்கும், புல்லுக் கருகும்.

ஆனா காத்துப் பழசு எண்டதால எல்லாம் பழையபடிதான் எண்டு சொல்லேலாது. நான் வலே மாநிலத்தில பழத்தோட்ட வேலை செய்தனான். 2017 மார்ச் நல்ல சூடு. மரம் எல்லாம் முந்திப் பூத்திட்டுது. ஏப்ரல் 20ஐ ஒட்டி உறைபனி வந்தது. விடிய விடிய மரங்களுக்கு நடுவில மெழுகு வாளி கொளுத்தினம். காலையில ஒரு பூவை நகத்தால பிரிச்சுப் பாத்தன். இதழ் வெள்ளையா அப்பிடியே இருக்கு, நடுவில சூல் கறுத்துப்போச்சு. அந்தக் கிளையில நான் பிரிச்ச எல்லாப் பூவும் அப்பிடித்தான்.

வடலி:
அக்கா, அந்த இழப்பைச் சின்னதாச் சொல்லமாட்டன். ஆனா பூவைக் கொண்டது வடக்கால வந்த குளிர். ஃபான் இல்லை. அல்ட்டோர்ஃபில 1864இல இருந்து ஃபான் கணக்கு இருக்கு. ஒரு வருசம் கூட வீசும், இன்னொரு வருசம் குறைய வீசும். ஒவ்வொரு சூடான ராத்திரிக்கும் காலநிலை மாற்றம் எண்டு கத்தினால், உண்மையான அத்தாட்சியைக் காட்டேக்க சனம் நம்பாது. எனக்கு அதுதான் பயம்.

படுவான்கரை:
குளிர் எப்பவும் வந்ததுதான். அது வாற நேரம் மொட்டு மூடியிருந்தால் தப்பும். வசந்தம் முந்தி வாறதால பூ திறந்து நிக்குது, அதுதான் மாறினது. பனிமலையையும் பாருங்கோ. 2022 மார்ச்சில தெற்குக் காத்து சகாராப் புழுதியைக் கொண்டுவந்து பனியில கொட்டினது. மண்ணிறப் பனி வெய்யிலை உறிஞ்சிக் கெதியா உருகும். அந்த வருசமும் அடுத்த வருசமும் சேர்த்து சுவிஸ் பனியாறுகளில பத்தில ஒரு பங்கு போச்சு. புழுதி முந்தியும் வந்ததுதான். அதுக்கு மேல இப்பிடிச் சூடான கோடை முந்தி இவ்வளவு அடிக்கடி வரேல்லை.

வடலி:
பனியாற்றை நான் மறுக்கேல்லை. அதைச் சாட்சியா நிறுத்துங்கோ, கடைசிவரை உங்களோட நிப்பன். நேற்று ராத்திரிக் காத்தை நிறுத்தாதேங்கோ.

மலையடிவாரம்:
நான் அவசரப்பட்டு எழுதினது உண்மைதான் தம்பி. ஆனா அக்கா சொன்ன அந்தக் கறுத்த பூ மனசை விட்டுப் போகுதில்லை. எங்கட வளவுச் செரி மரமும் இண்டைக்குப் பூத்து நிக்குது.

இப்ப பக்கத்து ஊர் ஃப்ளூவெலன் கரையில ஏரி விளக்கு நிமிசத்துக்கு 90 தரம் மின்னுது, புயல் எச்சரிக்கை. பிள்ளையளை ஏரிப் பக்கம் விடாதேங்கோ. ஃபான் வீசேக்க இஞ்ச வெளியில நெருப்பு மூட்டக் கூடாது, புதுசா வந்த ஆக்களுக்கு அது தெரியாது. கீழ்வீட்டுத் தம்பி கிறில் அடுப்பில கரி கொட்டுறார். போய்ச் சொல்லிப்போட்டு வாறன்.