கரி வடிகட்டி போதும் என்றவருக்கு ஒரு கேள்வி

ஜெலுத்தோங் அக்கா:
நேற்று பாயான் லெப்பாஸ் அப்பா இங்கே எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசே ஆறவில்லை. குடும்பத்தோடு எளிமையாக வெளியே போய்வர வேண்டுமானால் முதலில் அடுப்படியை மாற்ற வேண்டுமாம். பின்கட்டில் நெடியும் புகையும் வரும் சமையலுக்கென்று தனியாக இருக்கும் ஈரச் சமையலறையை எடுத்துவிட்டு, கூடத்தோடு சேர்த்து ஒரே சமையலறையாக்க வேண்டுமாம். அடுப்புக்கு மேலே கரி வடிகட்டி வைத்த புகை உறிஞ்சி ஒன்றை மாட்டினால் போதுமாம். ஞாயிறு காலை சம்பல் கிண்டி, நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) கட்டிக்கொண்டு பத்து மணிக்குப் பினாங்குக் கொடிமலை அடிவாரத்தில் நிற்கலாமாம்.

தம்பி, சம்பல் கிண்டியிருக்கிறீர்களா? மிளகாய் விழுது எண்ணெயில் வெந்து, எண்ணெய் பிரிந்து ஓரமாக ஒதுங்கும்வரை கரண்டியை விட முடியாது. அதில் பெலாச்சான் என்ற இறால் விழுது வேறு. உங்கள் கரி வடிகட்டி அந்தப் புகையை வெளியே தள்ளுவதே இல்லை. இழுத்து, எண்ணெய்ப் பிசுக்கையும் கொஞ்சம் வாசத்தையும் பிடித்துக்கொண்டு, மிச்சக் காற்றை அதே வீட்டுக்குள் விடுகிறது. சூடும் ஆவியும் எங்கே போகும்? என் மகள் வீட்டில் வீட்டு வேலை செய்த குத்தகைக்காரர் பேச்சைக் கேட்டு அதைத்தான் மாட்டினார்கள். போன மாதம் பொரித்த கருவாடு இன்னும் சோபா உறையில் மணக்கிறது. சுவர் அலமாரியின் மேல்பக்கத்தைத் தொட்டால் விரல் ஒட்டுகிறது.

பாயான் லெப்பாஸ் அப்பா:
அக்கா, நான் 3 வருடமாகக் கரி வடிகட்டிதான் வைத்திருக்கிறேன். எண்ணெய் வலையை மாதாமாதம் கழுவுகிறேன். கரியை 4 மாதத்துக்கு ஒருமுறை மாற்றுகிறேன். ஒரு வாசமும் இல்லை. மகள் வீட்டில் மாற்றாமல் விட்டால் அது கரியின் குற்றமா? நான் எழுதியது வெளியே போகும் திட்டம். நீங்கள் சோபா உறையைப் பிடித்துக்கொண்டீர்கள்.

ஜெலுத்தோங் அக்கா:
சம்பல் கிண்டினீர்களா, இல்லையா? அதைச் சொல்லுங்கள் முதலில்.

ஆயர் ஈத்தாம் வாத்தியார்:
அக்கா சொல்வது சரி. சுவரில் துளை போட்டுக் குழாய் வழியாகப் புகையை வெளியேற்றும் வகைதான் நம் சமையலுக்கு ஆகும். குழாய் குட்டையாக, நேராகப் போக வேண்டும். ஒவ்வொரு வளைவுக்கும் இழுவை குறையும். இன்னொன்று, எல்லா சன்னலையும் அடைத்துவிட்டு ஓடவிட்டால் எதுவும் இழுக்காது. உள்ளே காற்று வந்தால்தானே வெளியே போகும்.

அப்புறம், ஞாயிறு பத்து மணிக்குக் கொடிமலை என்றால் வரிசையில் நிற்கத்தான் நேரம் சரியாக இருக்கும். அங்கே ரயில் ஓடத் தொடங்கியது 1923-இல். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது நடுவில் இறங்கி வண்டி மாற வேண்டும், மேலே போக அரை மணி ஆகும். 2011-இல் புதிய வண்டி வந்த பிறகு சில நிமிடம்தான். ஆனால் வரிசை குறையவில்லை. பிள்ளைகளை ஏழு மணிக்குக் கிளப்புங்கள்.

பட்டர்வொர்த் மருமகள்:
ஒரு சின்னக் கேள்வி. ஈரச் சமையலறை என்று எதைச் சொல்கிறீர்கள்? பின்னால் கூரை போட்டு இழுத்த இடமா, கதவு வைத்துப் பிரித்த அறையா? எங்கள் வீட்டில் இரண்டும் இல்லை. அதைத் தெளிவாகச் சொன்னால் நானும் முடிவெடுப்பேன்.

பாயான் லெப்பாஸ் அப்பா:
வாத்தியார் ஐயா, ஏழு மணிக்குக் கிளம்ப வேண்டுமானால் அக்கா மூன்றரைக்கே எழுந்து சம்பல் கிண்ட வேண்டும். அதனால்தான் எளிமையாக்கச் சொன்னேன். கரி வடிகட்டியை ஒழுங்காக மாற்றினால் போதும்.

ஜெலுத்தோங் அக்கா:
நான்கு மணிக்கு எழுந்து 30 வருடமாகச் சமைக்கிறேன் தம்பி. அதை எனக்குக் கஷ்டம் என்று நீங்கள் முடிவு செய்ய வேண்டாம். பின்கட்டுக் கதவைத் திறந்து வைத்தால் புகை பின்சந்துக்குப் போய்விடும். பிள்ளைகள் இருமாமல் தூங்குவார்கள். கூடத்திலேயே அடுப்பு இருந்தால் மிளகாய் நெடியில் வீடே எழுந்து உட்காரும்.

சுங்கைப்பட்டாணி அண்ணன்:
சம்பலை விடுங்கள். பட்டர்வொர்த்தில் பினாங்குத் தீவுக்குப் போகும் கப்பலில் காரை ஏற்றி, கடல் காற்றில் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிடுங்கள். பிள்ளைகளுக்கு அதைவிட என்ன வேண்டும்?

பட்டர்வொர்த் மருமகள்:
அண்ணே, 2021-லிருந்தே கப்பலில் கார் ஏற்றுவதில்லை. ஆட்களும் மோட்டார் சைக்கிளும் சைக்கிளும்தான். காரில் போனால் பாலம்தான்.

சுங்கைப்பட்டாணி அண்ணன்:
நான் எத்தனையோ தடவை ஏற்றியிருக்கிறேன்.

பட்டர்வொர்த் மருமகள்:
எப்போது அண்ணே? நான் படகுத்துறைக்குப் பக்கத்திலேயே குடியிருக்கிறேன்.

ஆயர் ஈத்தாம் வாத்தியார்:
அண்ணனுக்கு எண்ணிக்கையும் வராது, வருடமும் வராது. போன தைப்பூசத்தில் தண்ணீர்மலைக் கோயிலுக்கு 513 படி என்று நான் எழுதியபோது, நீயா எண்ணினாய் என்று கேட்டவர் இவர்தான். நான் மறக்கவில்லை.

சுங்கைப்பட்டாணி அண்ணன்:
வாத்தியாருக்குப் பழசைக் கிளறாமல் தூக்கம் வராது. தூக்குச்சட்டியோடு தாவரவியல் பூங்காவுக்குப் போங்கள். 1884-இல் தொடங்கிய இடம், நுழைவுக் கட்டணம் இல்லை. இது சரியா, இதற்கும் திருத்தம் உண்டா?

ஜெலுத்தோங் அக்கா:
அங்கே குரங்கு இருக்கிறது அண்ணே. பிளாஸ்டிக் பை சரசரத்தாலே பாய்ந்து வரும். என் பேரன் கையிலிருந்த பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது. பிள்ளை அன்று முழுக்க அழுதான். மூடி இறுக்கமான பாத்திரத்தில் எடுத்துப்போய், காருக்குள்ளேயே சாப்பிட்டுவிட்டு இறங்குங்கள். குரங்குக்கு ஒரு பருக்கைகூடப் போடாதீர்கள்.

தம்பி, கேள்வி அப்படியே நிற்கிறது. கரி வடிகட்டிக்குக் கீழே சம்பல் கிண்டினீர்களா?

பாயான் லெப்பாஸ் அப்பா:
சம்பல் கடையில் வாங்குகிறோம். அதனால் என்ன? மீன் பொரிக்கிறோம், தாளிக்கிறோம். கரி வடிகட்டி தாங்குகிறது.

ஜெலுத்தோங் அக்கா:
பார்த்தீர்களா! மூன்று வருடம், மூன்று வருடம் என்றாரே, சம்பல் கடையிலாம்! இதை நம்பிப் பின்சுவரை இடிக்கக் கிளம்பியவர்கள் இங்கே எத்தனை பேரோ. பிறகு திரும்ப இழுத்துக் கட்ட வேண்டுமானால் நகர மன்றத்தில் வரைபட அனுமதி வாங்க வேண்டும். அந்தச் செலவை யார் கொடுப்பார்கள்?

பாயான் லெப்பாஸ் அப்பா:
அப்படியானால் இன்டக்‌ஷன் அடுப்புக்கு மாறுங்கள். சூடாவது குறையும்.

ஜெலுத்தோங் அக்கா:
14 கிலோ கேஸ் தோம்பு 26 ரிங்கிட் 60 காசு. எங்கள் வீட்டுக்கு ஒன்றரை மாதம் வருகிறது. அடுப்பையும் மாற்றி, சட்டிகளையும் மாற்றி நான் யாருக்காகச் செய்ய வேண்டும்? அடுப்பை மாற்றினால் மிளகாய் நெடி குறைந்துவிடுமா?

பட்டர்வொர்த் மருமகள்:
என் கேள்விக்கு யாராவது பதில் சொல்லுங்களேன். ஈரச் சமையலறை என்றால் எது?

ஆயர் ஈத்தாம் வாத்தியார்:
513 படி. தைப்பூசத்துக்கு முன்னால் அண்ணன் வந்து எண்ணட்டும்.

ஜெலுத்தோங் அக்கா:
வரும் ஞாயிறு நாங்கள் தெலுக் பஹாங் கடற்கரைக்குப் போகிறோம், 11 பேர். சம்பல் பின்கட்டில்தான் வேகும். வேண்டுமானால் வந்து, பக்கத்தில் நின்று மூச்சு விட்டுப் பாருங்கள் தம்பி. அப்புறம் கரியைப் பற்றிப் பேசலாம்.

பாயான் லெப்பாஸ் அப்பா:
4 மாதத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும் அக்கா.