ரெண்டு வட்டியும் புத்தகக் கணக்கும்

கோபி வாசகி:
போன வாரம் சித்தப்பா வீட்டுக் காதுகுத்துல ஒரு பெரியவர் சொன்னாருங்க, "காசு விசயத்தைப் புத்தகம் படிச்செல்லாம் கத்துக்க முடியாது, அடிபட்டுத்தான் கத்துக்கோணும்"னு. பந்தல்ல இருந்த அத்தனை பேரும் ஆமா போட்டாங்க. எனக்கு மனசு ஆறலை. அடிபட்டுக் கத்துக்கிட்டதுக்கு நாங்க குடுத்த விலை தெரிஞ்சதால சொல்றேன்.

2011ல எங்கய்யன் ஈமு கோழிக்கு ஒன்றரை லட்சம் கட்டுனாரு. ஆறு குஞ்சு, செட்டு, தீவனம் எல்லாம் கம்பெனியே தரும். வளக்கறதுக்கு மாசம் 6,000, வருசத்துக்கு ஒருக்கா 20,000 போனஸ். 2012 ஆகஸ்ட்ல எல்லாம் படுத்துருச்சு. போட்ட காசு போனதோட நிக்கலை. தீவனத்துக்கு வழியில்லாம அந்த வாயில்லாச் சீவனுங்க செட்டுக்குள்ள கெடந்ததை நெனச்சா இன்னைக்கும் தொண்டை அடைக்குது.

கணக்கைப் போட்டுப் பாருங்க. மாசக் காசு வருசத்துக்கு 72,000, போனஸோட 92,000. ஒன்றரை லட்சத்துக்கு அது நூத்துக்கு 61. அந்தக் கறியை யாரு வாங்கறா, முட்டை எங்க போகுதுன்னு யாரும் கேக்கலை. பக்கத்துத் தோட்டத்து மாமனுக்கு மாசம் தவறாம வருது, அந்த ஒரு சாட்சி போதுமா இருந்துச்சு.

பல வருசம் கழிச்சு நூலகத்துல எடுத்த ஒரு நிதிப் புத்தகத்துல சார்லஸ் போன்சி கதை இருந்துச்சு. 1920ல, பாஸ்டன்ல, 45 நாள்ல 50 சதவீத லாபம்னு சொல்லி, புதுசா கட்டறவங்க காசை எடுத்துப் பழைய ஆளுங்களுக்குக் குடுத்தவன். எங்கய்யன் பணம் கட்டறதுக்குத் தொண்ணூறு வருசம் முன்னாடியே நடந்து முடிஞ்ச கதை. அந்தப் பத்துப் பக்கம் 2011ல எங்க வீட்டுல இருந்திருந்தா?

மஞ்சக்காட்டான் (சிவகிரி):
உங்க வீட்டுல நடந்ததுக்கு வருத்தமுங்க அக்கா. ஆனா எங்க ஊருல ஈமுக்குக் கட்டுனவங்கள்ல ரெண்டு பேரு வாத்தியாருங்க. படிப்பு வந்து தடுக்கலைங்களே.

நானும் மூணு புத்தகம் வாங்கிப் படிச்சேன். மூணுலயும் மாசச் சம்பளத்துல இருந்துதான் பேச்சே ஆரம்பிக்குது. ஒன்னாந்தேதி 20 சதவீதத்தை எடுத்து வெச்சுட்டு மிச்சத்தைச் செலவு பண்ணோணுமாம். மஞ்சக்காட்டுக்காரனுக்கு ஒன்னாந்தேதி ஏதுங்க? வைகாசில நட்டா தை, மாசில தோண்டி, வேக வெச்சு, காய வெச்சு, மண்டிக்குக் கொண்டு போனாத்தான் காசு. 2010ல குவிண்டால் 16,000த்தைத் தாண்டி வித்துச்சு. ரெண்டே வருசத்துல 4,000த்துக்கு வந்துச்சு. அதே காடு, அதே பாடு. இந்த வருமானத்துல எதை எடுத்து வெக்கறதுன்னு அந்தப் புத்தகங்கள்ல இல்லைங்க.

வெலை படுத்தப்ப எனக்கு வழி சொன்னது பக்கத்துக் காட்டு அண்ணன். மஞ்சளை ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக் குடோன்ல வெச்சுப் பொருளீட்டுக் கடன் வாங்குனேன், வெலை தேறுன பொறகு வித்தேன். எங்க அப்பத்தா கையெழுத்துப் போடத் தெரியாதவங்க. மாட்டுக் கன்னு, சீட்டு, பவுனு, இந்த மூணை வெச்சே நாலு புள்ளைங்களைக் கரையேத்துனாங்க.

சோமனூர் தறி:
நான் புத்தகம் படிச்சே அடிபட்டவனுங்க. கூலிக்கு ஓட்டற பன்னண்டு தறி எனக்கு. கடன்ல நல்ல கடன், கெட்ட கடன் இருக்குது, நல்ல கடன் வாங்கிச் சொத்துச் சேருன்னு ஒரு அமெரிக்கக்காரர் எழுதுனதைப் படிச்சுட்டு, கடன் வாங்கி வாடகைக்கு ஒரு வீடு கட்டுனேன். 2022ல கூலி உயர்வு கேட்டுத் தறிகளை நிறுத்துனோம், ஒரு மாசத்துக்கு மேல ஓடலை. தவணை மட்டும் நிக்கலை. அதே வருசம் மே மாசத்துல இருந்து ரிசர்வ் வங்கி, மத்த வங்கிகளுக்குக் குடுக்கற கடனுக்கான ரெப்போ வட்டியை நாலு சதவீதத்துல இருந்து படிப்படியா ஏத்தி, அடுத்த பிப்ரவரில ஆறரைல நிறுத்துச்சு. என் கடனுக்கும் வட்டி ஏறுச்சு. அமெரிக்காவுல முப்பது வருசத்துக்கு வட்டி மாறாத வீட்டுக்கடன் சகஜமாக் கிடைக்குது. எழுதுனவரு அந்தத் தரையில நின்னு எழுதிட்டாரு. நம்ம தரை வேற.

கோபி வாசகி:
தறி அண்ணா, நீங்க சொல்றதை அப்படியே ஒத்துக்கறேன். இன்ன தேசத்துக்கு, இன்ன வருமானத்துக்கு எழுதுனதுன்னு பாக்காமப் படிச்சா அது ஆபத்துதான். ஆனா புத்தகத்துல யோசனை ஒன்னு, கணக்கு ஒன்னு. யோசனை ஊருக்கு ஊரு மாறும். கூட்டுவட்டி பாஸ்டன்லயும் பவானிலயும் ஒன்னுதான். 72ஐ வட்டி விகிதத்தால வகுத்தா எத்தனை வருசத்துல காசு ரெட்டிக்கும்னு ஏறக்குறையத் தெரியும். நூத்துக்கு மாசம் ரெண்டு வட்டின்னா வருசத்துக்கு 24. கட்டாம விட்டு வட்டிக்கு வட்டி ஏறுனா மூணு வருசத்துல கடன் ரெட்டிப்பு. "ரெண்டு வட்டிதான, பரவால்ல"ன்னு நம்ம வீடுகள்ல எத்தனை வாட்டி கேட்டிருப்போம்!

சீட்டும் அப்படித்தான் தம்பி. சீட்டு நிதிச் சட்டம் 1982ல வந்தது. சீட்டு நடத்தறவரோட கமிஷன் அஞ்சு சதவீதம்னு இருந்ததை 2019 திருத்தம் ஏழாக்குச்சு. பதிவு பண்ணாத சீட்டுல இது எதையும் காட்டிக் கேக்க முடியாது.

மஞ்சக்காட்டான்:
எங்க ஊருச் சீட்டுல சட்டத்தை விட மொகம் பெருசுங்க அக்கா. இருவது பேரும் தெரிஞ்சவங்க. ஒருத்தன் கட்டலீன்னா அவங்க வீட்டு விசேசத்துக்கு யாரும் போக மாட்டாங்க.

செக்கிங் டேபிள் (திருப்பூர்):
ரொம்ப நேரமா படிச்சுட்டு இருக்கேன், ஒன்னு சொல்லணும். எனக்குப் பக்கத்துக் காட்டு அண்ணன் கிடையாது. காடே கிடையாது. திண்டுக்கல் பக்கம் இருந்து பத்தொம்பது வயசுல பனியன் கம்பெனி வேலைக்கு வந்தேன். சீட்டுல சேக்கக்கூட ஜாமீன் சொல்ல ஆள் இல்லை. மூணு கம்பெனி மாறினேன், ஒவ்வொரு தடவையும் பிஎஃப் காசை எடுத்துச் செலவு பண்ணிட்டேன், எல்லாரும் அப்படித்தான் பண்ணாங்க. பத்து வருச சர்வீஸ் சேர்ந்தா பென்ஷன் உண்டு, கம்பெனி மாறினாலும் மாறாத யூஏஎன்ங்கிற பிஎஃப் நம்பர்ல கணக்கை மாத்திக்கலாம்னு ஒரு சின்னத் தமிழ்ப் புத்தகத்துலதான் படிச்சேன். அப்ப எட்டு வருசம் போயிருந்துச்சு. ஊர், உறவு, நிலம் இருக்கிறவங்களுக்குப் புத்தகம் வேண்டாமா இருக்கலாம். எனக்கு அதை விட்டா வேற யாரும் சொல்லலை.

மஞ்சக்காட்டான்:
அக்கா, உங்களுக்குப் பதில் சொல்ல என்கிட்ட ஒன்னும் இல்லைங்க. நான் என் காட்டை மட்டும் வெச்சுப் பேசிட்டேன்.

கோபி அக்கா, ஒரு கணக்குப் பாத்துச் சொல்லுங்க. போன மாசம் பழைய டெம்போ ஒன்னு எடுத்தேன். கடன் 3 லட்சம், மூணு வருசம், "12 பர்சென்ட் பிளாட்டு, மாசம் ஒரு வட்டிதான்"னு சொன்னாங்க. தவணை 11,333. சரிங்களா?

கோபி வாசகி:
தவணைக் கணக்குச் சரிதான் தம்பி. மூணு வருச வட்டி 1,08,000, அசலோட 4,08,000, அதை 36ஆல வகுத்தா 11,333. ஆனா ஒரு வட்டி இல்லை. பிளாட்டுன்னா மொதல்ல வாங்குன முழுத் தொகைக்கே கடைசி வரைக்கும் வட்டி போடறது. தவணையில 8,333 அசல், 3,000 வட்டின்னு வெச்சுக்கங்க. ரெண்டு வருசம் கட்டி முடிச்சா அசல் பாக்கி ஒரு லட்சம்தான். அப்பவும் அதே 3,000 வட்டி கட்டுவீங்க. ஒரு லட்சத்துக்கு 3,000ன்னா எத்தனை வட்டின்னு உங்களுக்கே தெரியும். மொத்தத்துல, குறையற அசலுக்கு வட்டி போடற கணக்குல இது வருசத்துக்கு 21க்கு மேல வருது. முன்கூட்டி முடிச்சா என்ன பிடிப்பாங்கன்னு ஒப்பந்தத்துல பாருங்க.

மஞ்சக்காட்டான்:
மூணு வட்டி! எங்க மண்டில மூணு வட்டிக்கு வாங்குறவனை நாங்களே திட்டுவோம்.

ஒப்பந்தம் வீட்டுல பீரோல இருக்குது, அத்தனையும் இங்கிலீசு. சாயங்காலம் எடுத்து போட்டோ அனுப்பறேன், படிச்சுச் சொல்லுங்க. அந்தக் கணக்கு இருக்கற புத்தகம் ஈரோட்டு நூலகத்துல கிடைக்குமான்னும் சொல்லுங்க. திங்கக்கிழமை மண்டிக்கு வர்றேன்.