பறவைப் புத்தகங்கள்: உங்கள் வீட்டில் யார் எதை வாசித்தீர்கள்?

நெல்லை வாசகி:

சென்ற தை மாதம் குடும்பத்தோடு கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்குப் போயிருந்தோம். ஊருக்குள் வீட்டு வாசல் மரங்களிலேயே மஞ்சள் மூக்கு நாரைகள் கூடு கட்டியிருந்தன. பறவைகள் மிரண்டுவிடும் என்று அந்த ஊரில் தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை. குளத்தில் பட்டைத்தலை வாத்துகள் கூட்டமாக நின்றன. அவை இமயமலையைத் தாண்டி வருகின்றன என்று அங்கிருந்த பெரியவர் ஒருவர் சொன்னார். உடனே எட்டு வயது மகள் ஆரம்பித்துவிட்டாள். ஏன் வருகின்றன, வழி எப்படித் தெரியும், எப்போது திரும்பும்? எனக்கும் தெரியவில்லை, என் கணவருக்கும் தெரியவில்லை, மாமாவுக்கும் தெரியவில்லை.

ஊர் திரும்பியதும் புத்தகம் தேடினேன். ஆளுக்கொரு புத்தகம், ஆனால் எல்லாம் பறவைகளைப் பற்றியே இருக்க வேண்டும் என்று தீர்மானித்தேன். மகளுக்கு நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்ட ஜமால் ஆராவின் 'பறவைகளைப் பார்'. அதை முதலில் எடுத்துப் படித்து முடித்தவர் என் மாமனார்தான். வயது எழுபத்து நான்கு. ஒரு வாரம் கழித்து மொட்டை மாடியில் தாத்தாவும் பேத்தியும் நின்றுகொண்டு, மின்கம்பியில் இருப்பது கரிச்சானா குயிலா என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். வால் நுனி இரண்டாகப் பிரிந்திருந்தால் கரிச்சான் என்று பேத்தி தீர்த்து வைத்தாள்.

பதினைந்து வயது மகனுக்குப் பறவை ஆய்வாளர் சாலிம் அலியின் தன்வரலாறு. 'ஒரு சிட்டுக்குருவியின் வீழ்ச்சி' என்று தமிழில் வந்திருக்கிறது. பத்து வயதுப் பையனாக இருந்தபோது காற்றுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டுவிட்டு, அதன் கழுத்தில் இருந்த மஞ்சள் திட்டைப் பார்த்து, அது என்ன இனம் என்று கேட்கப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போனவர் அவர். அங்கே செயலாளராக இருந்த மில்லார்ட், பாடம் செய்து வைத்திருந்த பறவைகளை அடுக்கடுக்காகத் திறந்து காட்டினார். இந்த இடத்தை மகன் எனக்கு உரக்க வாசித்துக் காட்டினான். பிறகு பெரிய சண்டை. பறவைகளை நேசித்தவர், ஆய்வுக்கென்று வாழ்நாளில் அத்தனை பறவைகளைச் சுட்டது சரியா? அன்றைக்கு வேறு வழியில்லை என்பது தாத்தாவின் கட்சி. ஒப்புக்கொள்ள முடியாது என்பது பேரனின் கட்சி. இரவுச் சாப்பாடு ஆறிப்போயிற்று. அதுவரை பள்ளி மதிப்பெண்ணைத் தவிர வேறெதையும் பற்றி அவர்கள் இருவரும் அவ்வளவு நேரம் பேசி நான் கேட்டதில்லை.

நான் வாசித்தது மா. கிருஷ்ணனின் 'மழைக்காலமும் குயிலோசையும்'. தமிழில் இயற்கையைப் பற்றி இப்படி ஓர் உரைநடை உண்டா என்று வியந்துபோனேன். தியடோர் பாஸ்கரன் தொகுத்திராவிட்டால் என்னைப் போன்றவர்கள் கைக்கு இது வந்தே இருக்காது. அடுக்களை வேலை முடிந்து, தினம் ஒரு கட்டுரைக்கு மேல் படிக்கக் கூடாது என்று வைத்துக்கொண்டேன். தீர்ந்துவிடுமே என்ற பயம்தான்.

சேலம் ஆசிரியர்:

அக்கா, உங்கள் வீட்டுக் கரிச்சான் வழக்கைப் படித்ததும் என் ஏழாம் வகுப்பு நினைவுக்கு வந்தது. ப. ஜெகநாதனும் ஆசையும் எழுதிய 'பறவைகள்: அறிமுகக் கையேடு' (க்ரியா வெளியீடு) ஒரே ஒரு பிரதி வாங்கி வகுப்பில் வைத்தேன். படத்தைப் பார்த்ததும் பிள்ளைகள் தங்கள் வீட்டில் சொல்லும் பெயரைச் சொல்லத் தொடங்கினார்கள். கரிச்சானை ஒருத்தி இரட்டைவால் குருவி என்றாள், ஒருவன் கரிக்குருவி என்றான், இன்னொருவன் வலியன் என்றான். எது சரி என்று என்னைக் கேட்டார்கள். எல்லாமே சரி என்று சொல்லிவிட்டு, மறுவாரம் க. ரத்னத்தின் 'தமிழில் பறவைப் பெயர்கள்' நூலைக் கொண்டுபோய்க் காட்டினேன். தன் பாட்டி சொல்லும் பெயர் அச்சில் இருப்பதைக் கண்ட ஒரு மாணவி, அந்தப் பக்கத்தை வீட்டில் காட்டவேண்டும் என்று புத்தகத்தை இரவல் வாங்கிப் போனாள். மூன்று நாள் வரவில்லை புத்தகம். பாட்டி தெரு முழுக்கக் காட்டிக்கொண்டிருந்தாராம்.

கும்பகோணத்திலிருந்து, ஓய்வு பெற்ற தமிழாசிரியர்:

நெல்லைச் சகோதரிக்கும் சேலம் தம்பிக்கும் வணக்கம். என் அனுபவம் சற்று வேறு. சத்திமுத்தப் புலவரின் செங்கால் நாரைப் பாட்டை முப்பது ஆண்டுகள் வகுப்பில் நடத்தினேன். குளிரில் நடுங்கும் ஏழைப் புலவர், மதுரையிலிருந்து தன் மனைவிக்கு நாரை வழியாகச் செய்தி சொல்லும் பாட்டு. பனங்கிழங்கைப் பிளந்ததுபோன்ற அலகு என்பதை உவமை அணிக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லி, கரும்பலகையில் எழுதிப்போட்டு, அடுத்த பாட்டுக்குப் போய்விடுவேன். சத்திமுத்தம் எங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரம். இருந்தும் அந்த நாரை எது என்று ஒரு நாளும் நான் கேட்டுக்கொண்டதில்லை.

ஓய்வு பெற்ற பிறகு மகள் ஒரு பறவைக் கையேடு வாங்கிக் கொடுத்தாள். அதில் செங்கால் நாரை என்றே ஒரு படம் இருந்தது. வெள்ளை உடல், சிவந்த கால், சிவந்து நீண்ட கூரிய அலகு. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வலசை வந்து கோடைக்கு முன் திரும்பிவிடும் என்று எழுதியிருந்தது. எனக்குக் கை நடுங்கியது. தென்குமரியில் நீராடிவிட்டு வடதிசைக்குத் திரும்புவீர்களானால் என்று புலவர் சொன்னது கற்பனையில்லை. அவர் வாடையில் நடுங்கிய பருவமும் அந்தப் பறவை இங்கே இருக்கும் பருவமும் ஒன்றுதான். பிறகு குறுந்தொகையைத் திரும்ப எடுத்தேன். ஓடுநீரில் ஆரல் மீனுக்காகக் காத்து நிற்கும் கபிலரின் குருகுக்குத் தினைத்தாள் போன்ற மெல்லிய பசுங்கால். அதையும் ஒருவர் நின்று பார்த்துத்தானே சொல்லியிருக்க வேண்டும்?

என் வயதொத்தவர்களுக்கு நான் சொல்வது, சங்கப் பாடலையும் பறவைக் கையேட்டையும் ஒரே மேசையில் வைத்துப் படியுங்கள். புது உரை ஏதும் வேண்டியதில்லை.

இந்தப் பொங்கலுக்கு வீட்டில் பனங்கிழங்கு அவித்திருந்தார்கள். மூன்றாம் வகுப்புப் பேரனை அருகில் உட்காரவைத்துப் பாட்டைச் சொன்னேன். அவன் ஒரு கிழங்கை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தான். அடிப்பக்கத்தைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, கூரான நுனிகளை மூடியும் திறந்தும் காட்டினான். பிறகு அந்த அலகாலேயே என் தட்டிலிருந்து ஒரு கரும்புத் துண்டைக் கவ்வி எடுத்துக்கொண்டு ஓடினான்.